ஆனந்த ஆணையத்தில் தமிழ் நாற்காலி

கன்னையாவை ஆனந்த ஆணையத்தில் உறுப்பினராகப் போட்டதற்கு ஒரே காரணம், அவனிடம் பாஸ்போர்ட் இல்லை என்பதுதான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2006 டிசம்பரில் ஃபிஜியில் நான்காவது தடவையாக ஆட்சியைக் கவிழ்த்தார்கள். கவிழ்ப்பை இங்கே எல்லாரும் 'கூ' என்றுதான் சொல்வார்கள். முதல் கூவில் படித்தவர்கள் போனார்கள். அடுத்ததில் கடைக்காரர்கள் போனார்கள். அதற்கடுத்ததில் தச்சர், நர்ஸ், எலெக்ட்ரீஷியன், வாத்தியார் எல்லாரும் போனார்கள். நான்காவது கூ வந்தபோது, போவதற்கு இன்னும் ஆள் மிச்சமிருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. தேடினால் கிடைத்தார்கள்.

அரசாங்கத்துக்குக் கவலை வந்தது. அரசாங்கத்துக்குக் கவலை வந்தால் ஆணையம் வரும். தேசிய ஆனந்த நிர்ணய ஆணையம் என்று இதற்குப் பெயர். தலைவராக மேஜர் சக்கியூசா என்ற ராணுவ அதிகாரி வந்தார். தொடக்க விழாவில் அவர் பேசினார்:

"மக்கள் ஏன் விமானம் ஏறுகிறார்கள்? ஆனந்தம் வெளிநாட்டில் இருப்பதாக ஒரு வதந்தி. வதந்தியை ராணுவம் அனுமதிக்காது. இந்த நாட்டில் எத்தனை மொழி, எத்தனை மதம் இருக்கிறதோ அத்தனையிலும் ஆனந்தம் என்றால் என்ன என்று விசாரிப்போம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விளக்கமாக்கி அரசிதழில் வெளியிடுவோம். வெளியிட்ட தேதியிலிருந்து ஆனந்தம் நாட்டுக்குள் இருக்கும். அதற்குப் பிறகும் ஒருவர் போனால் அவர் ஆனந்தத்தை விட்டு ஓடுகிறார் என்று பொருள். அப்படிப்பட்டவருக்கு வைத்தியம் பார்ப்போம்."

கைதட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் இப்போது ஆக்லாந்தில் இருக்கிறார்கள்.

ஆணையத்துக்கு நாடி என்ற ஊரில் ஒரு ஓட்டலில் இடம் கொடுத்தார்கள். கூவுக்குப் பிறகு சுற்றுலாக்காரர்கள் வராததால் ஓட்டல் காலியாகக் கிடந்தது. ஏர்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதுதான் முதல் தப்பு. ஆனந்தம் இந்த மண்ணிலேயே இருக்கிறது என்று யாராவது பேச ஆரம்பித்தால் கூரைக்கு மேலே ஒரு விமானம் உறுமிக்கொண்டு போகும். உறுப்பினர்கள் எல்லாரும் பேச்சை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள்.

இரண்டாவது தப்பு விதிமுறையில் இருந்தது. எல்லா மொழிக்காரரும் எல்லா மதத்தாரும் கையெழுத்துப் போட்டால்தான் விளக்கம் செல்லும். ஒரு நாற்காலி காலியானால் வேறு ஆளை உட்கார வைத்து முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். தமிழ் நாற்காலிக்கு முதலில் ஒரு ரிட்டையர்ட் ஹெட்மாஸ்டர் வந்தார், சிட்னிக்குப் போனார். பிறகு லவுத்தோக்கா வக்கீல் ஒருவர், சாக்ரமெண்டோ. மூன்றாவதாக ஒரு கோயில் கமிட்டிக்காரர் வந்தார். தேநீருக்கு பிஸ்கட் வாங்கி வருகிறேன் என்று வெளியே போனவர், வான்கூவரிலிருந்து போன் செய்து, பிஸ்கட் கிடைக்கவில்லை என்றார். உறுப்பினர்களின் பாஸ்போர்ட்டை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். எப்படிப் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆகையால் மேஜர் ஒரு முடிவுக்கு வந்தார். பாஸ்போர்ட்டே எடுக்காத ஒரு தமிழனைக் கண்டுபிடியுங்கள் என்றார்.

*

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, லவுத்தோக்காவுக்குப் பக்கத்து ட்ராசாவில் தேவேந்திராவின் கரும்பை வெட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் தீ வைத்துச் சோகையை எரித்த கரும்பு. வெட்டுகிறவர்களுக்கு முகம் முழுக்கக் கரி. ராணுவ ஜீப் வந்து நின்றதும் எல்லாரும் கத்தியைக் கீழே போட்டார்கள். இது நான்கு கூ கற்றுக்கொடுத்த மரியாதை.

ஜீப்பிலிருந்து இறங்கிய கார்ப்பரல் கேட்டான்: "இங்கே யாருக்குத் தமிழ் வரும்?"

கரும்பு வெட்டும் அந்தக் கேங்கில் பாதிப் பேர் தமிழ் வம்சம்தான். பேசுவது மட்டும் ஹிந்தி. தமிழில் அவர்களுக்கு மிச்சமிருந்தது இரண்டு பஜனைப் பாட்டும் சில கெட்ட வார்த்தைகளும். வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தமிழ் பேசிக்கொள்வது கன்னையாவும் ப்ரேமிலாவும்தான். சண்டைக்கு அது வசதி என்பார்கள். எல்லாரும் கன்னையாவைப் பார்த்தார்கள்.

"பாஸ்போர்ட் இருக்கா?"

"இல்லீங்க சார். எடுக்கவே இல்ல."

கார்ப்பரல் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். அடித்திருந்தால்கூட கன்னையா அவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

"அண்ணே, க்யா பண்ணித் தொலைச்ச நீ?" என்றான் சுரேந்திரா. அவன்தான் கேங்கின் சர்தார், அதாவது யார் தோட்டத்தை எப்போது வெட்டுவது என்று முறை வைக்கிறவன்.

"ஒண்ணும் பண்ணல சுரேந்திரா. பாஸ்போர்ட் எடுக்கல, அவ்வளவுதான்."

"அது இப்ப குத்தமா?"

ப்ரேமிலா வீட்டிலிருந்து நொண்டிக்கொண்டே வேகமாக வந்தாள். ரொட்டியும் மிளகாய்ச் சட்னியும் ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். "போலீஸ் புடிச்சா சோறு போடுவாங்க. மிலிட்டரி போடுதோ என்னமோ. வாயத் தொறக்காதீங்க. தொறந்தா வில்லங்கம்."

ஜீப் கிளம்பும்போது சுரேந்திரா கூடவே நடந்து வந்தான். "அடுத்த வாரம் உன் டர்ன். ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும். கேங்கில் பதினாலு தோட்டம். வெட்ட ஆள் எட்டுப் பேர். மீதிப் பேர் வெளிநாட்டிலிருந்து தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறவர்கள். கேங்கின் சட்டம் ரொம்பப் பழையது: உன் முறை வரும்போது நீ கத்தியோடு நிற்க வேண்டும், இல்லை உன் பேரில் ஒருத்தன் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உன் முறை கடைசிக்குப் போகும். இந்த வருஷம் கடைசி என்றால் மில் மூடிய பிறகு.

மற்றவர்களுக்கு அது அடுத்த வருஷம் வெட்டிக்கொள்ளலாம் என்கிற விஷயம். கன்னையாவுக்கு அடுத்த வருஷம் கிடையாது. நிலம் ஃபிஜிப் பூர்வகுடியான வில்லியாமேயின் குலத்தாருடையது. முப்பது வருஷக் குத்தகை இந்த டிசம்பரோடு முடிகிறது. குலத்தில் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், அவர்களுக்கும் நிலம் வேண்டும். வில்லியாமே இதே கேங்கில்தான் கரும்பு வெட்டுகிறான். இதைச் சொல்ல வந்த நாளில் தலையைத் தூக்காமல் சொன்னான். டிசம்பர் கடைசியில் நிலத்தில் என்ன நிற்கிறதோ அது நிலத்தோடு போகும். கன்னையா நட்ட கடைசிக் கரும்பு அங்கே ஆள் உயரத்துக்கு மேலே நின்றது.

*

ஓட்டலில் அவனைக் குளிக்கச் சொல்லி, பூப்போட்ட சட்டை ஒன்று கொடுத்து, நீள மேஜையில் 'தமிழ்' என்று அட்டை வைத்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிர்ச் சுவரில் வரிசையாகப் போட்டோக்கள். ஒவ்வொன்றுக்கும் மாலை.

கன்னையா பக்கத்தில் இருந்த மௌல்வியிடம் மெதுவாகக் கேட்டான்: "இவ்ளோ பேரு எப்படி செத்தாங்க?"

"யாரும் சாகல. அந்தாளு ஆக்லாந்து, அவரு பிரிஸ்பேன், தாடி வெச்சவரு கனடா. எல்லாரும் பழைய மெம்பர்ங்க."

கூட்டம் ஒன்பது மணிக்கு என்று போட்டிருந்தது. முதலில் நான்கு மதப் பிரார்த்தனை. எது முதலில் என்ற சச்சரவு தீராததால் நான்கையும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிறகு தேசிய கீதம். பிறகு போன உறுப்பினர்களுக்காக ஒரு நிமிஷ மௌனம். அதன் நடுவில் விமானம். பிறகு ஃபிஜி வழக்கப்படி மரப்பாத்திரத்தில் நங்கோனா வேரைக் கரைத்து, கொட்டாங்குச்சியில் ஒவ்வொருவராக வாங்கி, கைதட்டிக் குடிக்க வேண்டும். குடித்து முடித்தால் நாக்கு மரத்துப்போகும். மரத்த நாக்கோடு ஆனந்தத்தை விளக்க ஆரம்பிக்கும்போது தேநீர் வந்துவிடும்.

செயலாளர் ஸ்ரீகாந்த் கோயம்புத்தூர்க்காரர். இன்ஜினியரிங் சொல்லிக்கொடுக்க வந்தவர். மாணவர்கள் எல்லாரும் போய்விட்டதால் ஆனந்தத்துக்கு மாற்றப்பட்டார். மேஜர் ஹிந்தியில் பேசுவதைக் கன்னையாவுக்காக அவர் தமிழில் மொழிபெயர்த்தார். மேஜரின் ஹிந்தி கன்னையாவுக்கு நன்றாகப் புரிந்தது. ஸ்ரீகாந்தின் தமிழ்தான் புரியவில்லை.

முதலில் பண்டிதர் எழுந்தார். "ஆனந்தம் எல்லையற்றது," என்றார்.

மேஜர் யோசித்தார். "எல்லையற்றது என்றால் கடற்படைக்குச் சிரமம். இருநூறு கடல் மைலோடு நிறுத்திக்கொள்ள முடியுமா?"

சாஸ்திரத்தைப் பார்த்துச் சொல்வதாகப் பண்டிதர் உட்கார்ந்தார்.

பாதிரியார், முழுமையான ஆனந்தம் பரலோகத்தில்தான் என்றார்.

"அதுவும் நாட்டை விட்டுப் போவதுதானே, பாதிரியாரே? அரசாங்கம் அதற்கு ஆதரவு தர முடியாது."

மௌல்வி, இருப்பதில் மனம் நிறைவதுதான் ஆனந்தம் என்றார். மேஜருக்கு இது பிடித்தது. "இதற்கு பட்ஜெட் வேண்டாம். ஆனால் நிறைந்துவிட்டதா என்று வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்க ஆள் வேண்டுமே." சரிபார்க்க ஒரு படைப்பிரிவு அமைக்கலாம் என்று குறித்துக்கொண்டார்கள்.

குஜராத்தி உறுப்பினர், கழிவறைக்குப் போய்விட்டு வந்து பேசுகிறேன் என்றார். அவர் பேசியது மறுநாள், மெல்பர்னிலிருந்து.

"தமிழ்," என்றார் மேஜர்.

கன்னையா எழுந்தான். வாயைத் திறக்காதே என்று ப்ரேமிலா சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் எல்லாரும் பார்த்தார்கள்.

"அடுத்த வாரம் எங்க கரும்பு டர்ன் சார். அதுக்குள்ள விட்டுட்டா நல்லா இருக்கும்."

ஸ்ரீகாந்த் வேகமாக எழுதினார். பிறகு படித்துக் காட்டினார்: "தமிழ் மரபில் ஆனந்தம் என்பது, தனக்குரிய முறை வருவதை எதிர்நோக்கிய விடுதலை வேட்கை."

"ஆழமாக இருக்கிறது," என்றார் மேஜர்.

"நான் அத சொல்லல சார்."

"பணிவும் இருக்கிறது."

உற்சாகம் வந்துவிட்ட ஸ்ரீகாந்த், தமிழில் இன்பம் இரண்டு வகை என்று எடுத்துச் சொன்னார். உடம்போடு முடிவது சிற்றின்பம். கடவுளிடம் கொண்டு சேர்ப்பது பேரின்பம். மேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை மாத விசாரணையில் அவருக்குப் புரிந்த முதல் விஷயம் இதுதான். "அப்படியானால் பேரின்பம் அதிகாரிகளுக்கு, சிற்றின்பம் சிப்பாய்களுக்கு. இவ்வளவு தெளிவான மொழியை வைத்துக்கொண்டு ஏன் இதுவரை சும்மா இருந்தீர்கள்?"

உடனே இரண்டு துணைக்குழு அமைத்தார்கள். பேரின்பத் துணைக்குழுவில் எல்லாரும் கைதூக்கிச் சேர்ந்தார்கள். சிற்றின்பத் துணைக்குழுவில் சேர ஒருவரும் கைதூக்கவில்லை. ரகசியமாகப் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்த பிறகு, சாயங்காலத்துக்குள் அங்கே நாற்காலி போதவில்லை.

கன்னையாவை மட்டும் இரண்டிலும் போட்டார்கள். தமிழுக்கு வேறு ஆள் இல்லை.

*

அடுத்த சில நாட்கள் கள ஆய்வு. கன்னையாவை நீச்சல் குளத்தின் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தார்கள். கையில் இளநீர். ஒரு டாக்டர் அவன் புஜத்தில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"எத்தன மணி டாக்டர்? லவுத்தோக்கா பஸ் போயிருக்குமா?"

அழுத்தம் ஏறியது. இளநீரை எடுத்துவிட்டு பியர் கொடுத்தார்கள். இன்னும் ஏறியது. விசிறி விடுவதற்கு ஒரு சிப்பாயைத் துப்பாக்கியோடு நிறுத்தினார்கள். டாக்டர் பட்டையையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆனந்தம் தமிழர்களின் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று இடைக்கால அறிக்கையில் எழுதினார்கள்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போக அனுமதி கிடைத்தது. காவலுக்குக் கார்ப்பரலும் வந்தான். வாசலிலேயே சுரேந்திரா நின்றுகொண்டிருந்தான்.

"தேவேந்திரா தோட்டம் திங்கக்கிழமையோட முடியுது. செவ்வாக்கிழமை உன்னுது. கத்தியோட வருவியா மாட்டியா?"

"விட மாட்டேங்கறாங்களே சுரேந்திரா. ஒரு நாள் தள்ளேன்."

"உனக்குத் தள்ளுனா நாளைக்கு எல்லாரும் கேப்பானுங்க. ஏற்கெனவே தேவேந்திரா சொல்றான், கன்னையா ஓட்டல்ல குளத்துப் பக்கத்துல படுத்து பியர் குடிக்கறான், நாம மட்டும் கரி தின்னணுமான்னு."

"அது டியூட்டிப்பா."

"எனக்கும் அந்த டியூட்டி வாங்கிக் குடு, பாஸ்போர்ட்ட இப்பவே அடுப்புல போடறேன்."

ப்ரேமிலா உள்ளேயிருந்து கத்தினாள். "நான் வரேன் கத்தி எடுத்துக்கிட்டு. அவரு பேருல நான் நிக்கறேன்."

அவள் சொன்னால் செய்வாள். போன வருஷம்தான் முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. சுரேந்திரா தலையைச் சொறிந்தான். "வேணாம் அண்ணி. செவ்வாக்கிழமை பத்து மணி வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல முடியாது."

கார்ப்பரல் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாசலில் ரொட்டி தின்றான். அவனுடைய மாமாவும் கரும்புக்காரர்தான். "மேஜர்கிட்ட ராஜினாமா குடுங்க," என்றான். "இதுவரைக்கும் யாரும் குடுத்ததில்ல. எல்லாரும் நேரா போயிட்டாங்க."

*

திங்கட்கிழமை காலை கன்னையா ராஜினாமா கேட்டான். மேஜர் விதிமுறைப் புத்தகத்தைப் பிரித்தார். கோபமில்லாமல்தான் பேசினார், நல்ல மனுஷர்.

"உறுப்பினர் பதவி இரண்டு விதமாகத்தான் முடியும். மரணம், அல்லது குடிபெயர்வு. ராஜினாமா என்று ஒன்று இல்லவே இல்லை. ஆனந்தத்திலிருந்து ஒருவர் ராஜினாமா செய்வார் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை."

"கரும்பு காஞ்சிரும் சார்."

"நாடே காய்ந்துகொண்டிருக்கிறது, கன்னையா. நானும் காலை ஆறு மணிக்கு எழுந்து ஆனந்தத்துக்காக உழைக்கிறேன். என் மனைவி ஆனந்தமாக இருக்கிறாளா என்று கேட்கக்கூட எனக்கு நேரமில்லை. போன மாதம் அவள் நியூசிலாந்தில் ஹாமில்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். நானும் போகலாம் என்று பார்த்தேன். ராணுவத்தாருக்கு விசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக நான் அழுகிறேனா?"

அழவில்லைதான். ஜன்னலைப் பார்த்தார். விமானம் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

வெளியே வராந்தாவில் ஸ்ரீகாந்த் கன்னையாவை ஓரமாக அழைத்துப் போனார். இந்தத் தடவை சாதாரணத் தமிழில் பேசினார்.

"சாகறதுக்கு சர்டிஃபிகேட் வேணும். ரொம்ப இழுக்கும். நாட்ட விட்டுப் போறதுக்கு ஒண்ணும் வேண்டாம்."

"பாஸ்போர்ட் வேணுமே சார்."

"அது பிளேன் ஏறறதுக்கு. நான் ஆணையத்தோட விதிய சொல்றேன். போனவங்க யாரும் சொல்லிட்டுப் போகல, எழுதிக் குடுக்கல. அதனால ஆதாரம் என்னன்னு ஒரு தீர்மானம் போட்டோம். ஏர்போர்ட்ல வழியனுப்பு நடக்கணும், சொந்தக்காரங்க அழணும், மேஜர் மாலை போடணும், போட்டோ எடுக்கணும். அது நடந்துட்டா ஆள் போயிட்டார். உள்ள போய் என்ன பண்றார்னு ஆணையம் பாக்கறதில்ல."

"சார், நீங்க எதுக்கு எனக்கு இத சொல்றீங்க?"

"நாளைக்கு எனக்கும் ஏர்போர்ட் பக்கம் கொஞ்சம் கூட்டம் தேவப்படுது," என்றார் ஸ்ரீகாந்த்.

*

ஃபிஜியில் வழியனுப்பு என்றால் சும்மா இல்லை. ஒருவர் விமானம் ஏற ஒரு பஸ் ஆட்கள் போவார்கள். காகிதப் பூமாலை, ஊறுகாய், பொரித்த மீன், ஒப்பாரி. நான்கு கூவில் இது பழகிப் பழகி, கல்யாணத்துக்கு இருக்கிற மாதிரி இதற்கும் ஒரு முறை வந்துவிட்டது. யார் முதலில் அழ வேண்டும் என்பதுகூட எல்லாருக்கும் தெரியும்.

கார்ப்பரல் மூலம் சேதி போய், செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கேங் முழுவதும் கோயிலுக்குப் போகும் சட்டையில் நாடி ஏர்போர்ட்டில் வந்து இறங்கியது. வந்தது வில்லியாமேயின் லாரியில். கத்திகள் லாரியில் சாக்குக்குக் கீழே இருந்தன. ப்ரேமிலா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கன்னையாவின் கையில் ஒரு பெட்டி. அதற்குள் அவனுடைய கரிச்சட்டை, பழைய தொப்பி, மத்தியானச் சாப்பாடு.

"அழு அண்ணி," என்றான் சுரேந்திரா. "மேஜர் வராரு."

"வரலடா. சிரிப்புதான் வருது."

"மூஞ்ச மூடிக்க. பின்னாலேர்ந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்."

ப்ரேமிலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். தேவேந்திரா நன்றாக அழுதான். அவனுடைய அண்ணன் தம்பி மூன்று பேரையும் இதே இடத்தில் வழியனுப்பியவன். கண்ணீர் தானாக வந்தது.

மேஜர் மாலையோடு வந்தார். பூட்டிய பெட்டியிலிருந்தே பாஸ்போர்ட்டுகள் போன பிறகு, உனக்குப் பாஸ்போர்ட் ஏது என்று கேட்பதை அவர் விட்டுவிட்டிருந்தார். போனவர்களின் போட்டோவுக்கு மாலை போடும்போது பேசுகிற பேச்சு ஒன்று அவருக்கு உண்டு. ஒவ்வொரு தடவையும் பெயரை மட்டும் மாற்றுவார். "அன்பர் கன்னையா போகிறார். இது நமக்குத் தோல்வி அல்ல. அவர் எங்கே போனாலும் இந்த நாட்டில் ஆனந்தம் இருக்கிறது என்று அங்கே போய்ச் சொல்வார். அதைக் கேட்டு அங்கிருப்பவர்கள் இங்கே வர வேண்டியதுதான் பாக்கி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எந்த நாட்டுக்கு?"

கன்னையா இதை யோசித்து வைக்கவில்லை.

"கனடா சார்," என்றான் சுரேந்திரா. "கனடாவுல கொஞ்சம் உள்ளடங்குன இடம்."

மேஜர் மாலையைப் போட்டார். போட்டோ எடுத்தார்கள். கன்னையா பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது ப்ரேமிலா முகத்திலிருந்து முந்தானையை எடுத்திருந்தாள். இப்போது நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். டிசம்பர் ஞாபகம் வந்துவிட்டது அவளுக்கு.

"தோ, போய்ட்டு வந்துடறேன்," என்றான் கன்னையா.

"சும்மா போங்க," என்றாள். "டைம் ஆச்சு."

உள்ளே கூட்டம். டிக்கெட் காட்டும் வரிசையில் ஸ்ரீகாந்த் நின்றிருந்தார். பக்கத்தில் மனைவி வைதேகி, நான்கு பெரிய பெட்டிகள். மேஜரும் ஆணையமும் வாசலில் கன்னையாவின் ஒப்பாரியில் இருந்ததால் இந்தப் பக்கம் பார்க்க ஆள் இல்லை.

"நீங்களும் கெளம்பிட்டீங்களா சார்?"

"ஆஸ்திரேலியாவுல ஒரு ஆனந்தத் திட்டம் ஆரம்பிக்கறாங்க. அனுபவம் உள்ள ஆள் வேணும்னாங்க."

கன்னையாவுக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக இருந்தது. "சார், அந்த இரும்புப் பெட்டி சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

"செயலாளர்கிட்டதான் இருக்கணும், விதிப்படி," என்றார் ஸ்ரீகாந்த். வைதேகி அவசரமாகப் பெட்டியைத் தள்ளினாள்.

கன்னையா கழிவறையில் கரிச்சட்டையை மாட்டிக்கொண்டு, வருகிறவர்கள் வெளியேறும் கதவு வழியாக வந்தான். பூலா, ஃபிஜிக்கு வரவேற்கிறோம் என்று பாடிக்கொண்டிருந்த கிடார்க்காரர்கள் அவனுக்கும் ஒரு வரி பாடினார்கள். வில்லியாமே லாரியை உறுமவிட்டுக்கொண்டு நின்றான். பத்து மணிக்குக் கன்னையா தன் தோட்டத்தில் கத்தியோடு நின்றான். சுரேந்திரா வாட்சைப் பார்த்தான். முதல் வெட்டு கன்னையா வெட்டினான்.

*

வெட்டி முடிக்கப் பல நாள் ஆயிற்று. நடுவில் மில் ரிப்பேராகி நின்றது, டிரக் வரவில்லை, மழை ஒரு தடவை மிரட்டியது. ஆனால் கரும்பு குறைந்துகொண்டே வந்தது.

கடைசி மூலை வெட்டிக்கொண்டிருக்கும்போது ஜீப் வந்தது. கத்திகள் கீழே விழுந்தன. இந்தத் தடவை இறங்கியது மேஜரே. ஆணையத்தில் ஆள் குறைந்துவிட்டதால் அவரே தேட வேண்டியிருந்தது.

"தமிழ் நாற்காலி காலி," என்றார். "இங்கே பாஸ்போர்ட் இல்லாத தமிழர் வேறு யாராவது உண்டா?"

மேஜர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாம் கரி. கன்னையாவின் முன்னால் வந்து நின்றார். நின்றவர் நகரவில்லை.

"ஒருத்தரு இருந்தாரு சார்," என்றான் கன்னையா. "அவரு போயிட்டாரு."

"தெரியும். நான்தான் மாலை போட்டேன்."

"ஆமா சார்."

மேஜர் கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். ஆணையத்தின் கோப்பின்படி இந்த மனுஷன் வெளிநாட்டில் இருந்தான். கோப்பு தப்பு என்றால் போட்டோ தப்பு. போட்டோ தப்பு என்றால் தீர்மானம் தப்பு. அதற்கெல்லாம் அவருக்குத் தெம்பில்லை.

"கனடா எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

"வேல ஜாஸ்தி சார். வெயிலும் கொஞ்சம் ஜாஸ்தி."

"அங்கேயே இருந்துவிடுவீர்களா?"

"டிசம்பர் வரைக்கும்தான் சார் விசா."

வில்லியாமே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மேஜர் அவனைப் பார்த்தார், வெட்டிய நிலத்தைப் பார்த்தார். ரொம்பத் தணிந்த குரலில் கேட்டார்: "அங்கே ராணுவத்தாரை எடுத்துக்கொள்வார்களா?"

சுரேந்திரா குனிந்து ஒரு கத்தியை எடுத்து, பிடியை அவர் பக்கம் நீட்டினான். "ஆள் பத்தல சார். இப்பவே சேந்துக்கலாம்."

மேஜர் கத்தியைப் பார்த்தார். தன் பூட்ஸைப் பார்த்தார். "ஆய்வு செய்து முடிவெடுப்போம்," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

தமிழ் நாற்காலி பிறகு நிரம்பவே இல்லை. தமிழர்களின் ஆனந்தம் கனடாவில் உள்ளடங்கிய ஒரு பகுதியில் இருப்பதாக நம்பப்படுகிறது என்று இறுதி அறிக்கை சொல்கிறது. அந்த ஓட்டல் மறுபடியும் சுற்றுலாக்காரர்களுக்குத் திறந்தாயிற்று. சுவரில் இருந்த போட்டோக்களை எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை.

மேஜர் வந்துபோன அன்று சாயங்காலம், தண்டவாளத்தில் நின்ற கடைசி டிரக்கில் கரும்பை அடுக்கிச் சங்கிலி போட்டார்கள். சின்ன ரயில் வந்து கோத்துக்கொண்டு லவுத்தோக்கா பக்கம் இழுத்துப் போனது. கேங் ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கன்னையா தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்து காலை நீட்டினான். ப்ரேமிலா தேநீர் கொண்டுவந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

எதிரே வெறும் நிலம். ரயில் சத்தம் போய் அடங்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் பார்க்க யாரும் பக்கத்தில் இல்லாததால், அது அறிக்கையில் ஏறவில்லை.